கடைசிப் பெட்டி வரை

சரக்கு ரயில்களைப் படமெடுப்பவர்களின் தொகுப்புகளைத் தொடர்ந்து பார்த்துவரும்போது மெல்ல ஒரு சங்கடம் சேரத் தொடங்குகிறது. படங்களில் குறை ஏதும் இல்லை. வெயில் சரியான பக்கத்திலிருந்து விழுந்திருக்கிறது, என்ஜினின் எண் தெளிவாகத் தெரிகிறது, பின்னால் மலையோ ஆறோ பழைய ஸ்டேஷனோ அதனதன் இடத்தில் இருக்கிறது. ஆனால் என்ஜினுக்குப் பின்னால் வருவது, அதாவது ரயில், தேய்ந்துகொண்டே போய்ச் சட்டகத்தின் ஓரத்தில் காணாமல் போய்விடுகிறது. ஒன்றரை மைல் நீள வண்டியில் படத்துக்குள் உருப்படியாக வந்து சேர்ந்தது முதல் நூறு இருநூறு அடிதான். 1938-இல் 'ஹை அயர்ன்' நூலை வெளியிட்ட லூசியஸ் பீப் காலத்திலேயே இந்தப் பார்வை நிலைபெற்றுவிட்டது. வண்டி எதிரே வர, பாதையோரத்தில் சற்றுத் தள்ளி நின்று, என்ஜினின் முகமும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரியும்படி எடுப்பது. நீராவி போய் டீசல் வந்தது, ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தது, அந்தக் கோணம் மட்டும் அசையவில்லை. என்ஜின் கடந்ததும் கேமரா இறங்கிவிடும். மீதி வண்டி கடந்துபோகச் சில நிமிடங்கள் ஆகும், அந்த நேரத்தில் எடுத்த படம் சரியாக வந்திருக்கிறதா என்று தலை குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். தான் வேலைபார்த்த பழைய மெயின் லைனுக்கே கேமராவோடு திரும்பிவரும் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரரும் இந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களுக்குக் குறைவில்லை. அவருடைய படங்கள் மற்றவர்களுடையதைவிட நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பழகிய உடம்பு வேறுமாதிரி நடந்துகொள்கிறது. என்ஜின் போன பிறகும் அவர் கண் சக்கரங்களின் மட்டத்திலேயே நிற்கும், கடைசிப் பெட்டி வரை. அந்தப் பார்வை ஒரு காலத்தில் சம்பளம் வாங்கிச் செய்த வேலை. ரயில் நிறுவனங்கள் அந்த வேலையை ஒழித்த பிறகு அது பாதையோரத்தில் நிற்கும் மனிதரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ரயில் படக்கலையோ அதைக் கையில் வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை என்பதுதான் என் வாதம்.

பென்சில்வேனியா ரயில்ரோடு ஃபிலடெல்ஃபியாவையும் பிட்ஸ்பர்க்கையும் இணைக்கப் போட்ட மெயின் லைனை எடுத்துக்கொள்ளலாம். அலிகேனி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள ஆல்டூனா, 1849-இல் அந்த நிறுவனமே உருவாக்கிய ஊர். 1920களில் அங்கிருந்த பணிமனைகளில் மட்டும் 15,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். அப்படிப்பட்ட ஒரு பாதையில் வண்டி ஓடுவது என்றால் வழிநெடுகப் பல கண்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன என்று பொருள். வண்டியின் கடைசியில் கேபூஸ் என்ற பெட்டி. நம் ஊர் கூட்ஸ் வண்டியின் கார்டு வேன் மாதிரி என்றாலும் அதன் கூரைமேல் ஒரு சிறு கண்ணாடிக் கூண்டு உண்டு. பிரேக்மேன் அதில் உட்கார்ந்து, வளைவுகளில் வண்டி வளையும்போதெல்லாம் முன்னால் நீளும் பெட்டிகளின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டே வருவார். சிக்னல் கேபின்களில் இருந்தவர்கள் வண்டி கடக்கும்போது வெளியே வந்து நிற்க வேண்டும். பாதை வேலை செய்யும் ஆட்கள் ஜல்லியை விட்டு ஒதுங்கும்போது முதுகைக் காட்டி நிற்கக் கூடாது. கிளைப்பாதையில் காத்திருக்கும் வண்டியின் ஊழியர்கள் இறங்கி, கடந்துபோகும் வண்டியின் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். அச்சு சூடேறி எண்ணெய் கருகும் நாற்றம் வந்தால் மூக்கைப் பொத்திக் காட்டுவது சைகை. கேபூஸில் இருப்பவர் அதைப் பார்த்தால் வண்டியை நிறுத்துவார். நம் ரயில்வேயிலும் கேட் கீப்பர் பச்சைக் கொடியோடு நிற்பது வழிவிடுவதற்காக மட்டும் இல்லை, ஹாட் ஆக்சிலோ தொங்கும் சங்கிலியோ தெரிகிறதா என்று பார்ப்பதும் அவர் வேலைதான். போர்க்காலத் தகவல் அலுவலகத்துக்காக ஜாக் டெலானோ 1942-43 குளிர்காலத்தில் சிகாகோ யார்டுகளிலும் அங்கிருந்து மேற்கே கலிஃபோர்னியா வரையிலும் எடுத்த படங்களை இதற்காகவே திரும்பத் திரும்பப் பார்க்கலாம். அவற்றில் என்ஜின்கள் உண்டு. ஆனால் நினைவில் நிற்பது கேபூஸுக்குள் கணக்கு எழுதும் கண்டக்டரும், விளக்கோடு நிற்கும் யார்டு ஆளும், பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட அந்த முகங்களும்தான்.

அந்தக் கண்கள் ஒரே நாளில் போய்விடவில்லை. பென்சில்வேனியா ரயில்ரோடு 1968-இல் தன் பழைய போட்டியாளரோடு இணைந்து பென் சென்ட்ரல் ஆனது. இரண்டே ஆண்டில் திவாலானது. அரசு தலையிட்டு உருவாக்கிய கான்ரெயில் 1976-இல் பாதையை எடுத்துக்கொண்டது, 1999-இல் அதைப் பிரித்தபோது இந்த லைன் நார்ஃபோக் சதர்ன் நிறுவனத்துக்குப் போனது. மலை ஏறும் நான்கு பாதைகள் 1981-இல் மூன்றாயின. 1980களில் தொழிற்சங்க ஒப்பந்தங்கள் மாறியதும் கேபூஸ்கள் அகற்றப்பட்டன. அவற்றின் இடத்தில் கடைசி இணைப்பில் மாட்டும் ஒரு சிறு பெட்டி வந்தது. அது சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு, பிரேக் குழாயின் காற்றழுத்தத்தை ரேடியோ மூலம் என்ஜினுக்கு அனுப்பும். அதற்குத் தெரிந்தது காற்றழுத்தம் போன்ற ஓரிரு அளவுகள்தான். கருகும் எண்ணெயின் நாற்றம் அதை எட்டாது. கேபின்கள் ஒவ்வொன்றாக மூடின. ஆல்டூனாவின் 'ஆல்டோ' கேபின் 2012 வரை தாக்குப்பிடித்தது. மலை உச்சியில் சுரங்க வாயில்கள் இருக்கும் கலிட்சின் ஊரில் இன்று ஒரு பழைய பென்சில்வேனியா கேபூஸைப் பூங்காவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வண்டியிலோ ஒரு ஓட்டுநர், ஒரு கண்டக்டர், இருவரும் முன்னால். அந்த இருவராவது இருக்க வேண்டும் என்பதற்கே 2024-இல் அமெரிக்க ரயில் நிர்வாகம் தனியாக ஒரு விதி கொண்டுவர வேண்டியிருந்தது. ஆட்கள் குறையக் குறைய வண்டி நீண்டுகொண்டே போனது. புகைப்படக்காரர் எடுக்கும் முதல் நூறடியில் இந்த மாற்றம் எதுவும் பதியாது என்பதுதான் என்னை உறுத்துகிறது. 1970-இல் எடுத்த படத்தையும் 2020-இல் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ஜினின் நிறமும் நிறுவனத்தின் பெயரும் மாறியிருப்பது தெரியும். வண்டியின் அந்தக் கோடியில் இருந்த மனிதர்கள் போய்விட்டார்கள் என்பது தெரியாது, ஏனென்றால் அந்தக் கோடி இரண்டு படத்திலும் இல்லை.

இதே பழைய மெயின் லைன் பிட்ஸ்பர்க்கைத் தாண்டிச் சிகாகோ நோக்கி நீளும் பகுதியில்தான் 2023 பிப்ரவரி 3 இரவு, ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற ஊரில், ஒரு சரக்கு ரயில் விபத்துக்குள்ளானது. 149 பெட்டிகள், ஏறத்தாழ 9,300 அடி நீளம். வண்டியில் மூன்று பேர், அவர்களில் ஒருவர் பயிற்சியில் இருந்தவர். முன்னாலிருந்து 23-ஆவது பெட்டியில் ஒரு பேரிங் சூடேறிக்கொண்டிருந்தது. பாதையோரச் சூடுகாணும் கருவிகள் மூன்று இடங்களில் அதை அளந்திருக்கின்றன. முதல் கருவியில் சுற்றுக் காற்றைவிட 38 டிகிரி ஃபாரன்ஹீட் அதிகம். ஏறத்தாழ 11 மைல் தள்ளி, சேலம் என்ற ஊரில் 103 டிகிரி அதிகம். அடுத்த கருவி அங்கிருந்து 20 மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில். அதில் 253 டிகிரி. அப்போதுதான் எச்சரிக்கை ஒலித்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கும்போதே பெட்டிகள் தடம் புரண்டன, மொத்தம் 38. ரசாயன டேங்கர்கள் எரிந்தன, ஊரைக் காலிசெய்ய வேண்டிவந்தது. கவனிக்க வேண்டியது சேலத்துக் கருவி பழுதாகவில்லை என்பதை. அது பார்த்தது, அளந்தது, 170 டிகிரியைத் தொட்டால்தான் குரல் கொடுக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைத்திருந்ததால் பேசாமல் இருந்தது. ஆனால் அதே ஊரில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புக் கேமராவில் அந்த வண்டி பதிவாகியிருக்கிறது. இருட்டில் வரிசையாகக் கடக்கும் கரிய பெட்டிகளில் ஒன்றின் அடியில் மட்டும், சக்கர மட்டத்தில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம் ஓடுகிறது. ரயிலைப் படமெடுக்க வேண்டும் என்று யாரும் வைத்த கேமரா இல்லை அது. அழகைப் பற்றிய எண்ணமே இல்லாமல் சுவரில் மாட்டியிருந்த அந்தக் கண்ணாடிக்கு என்ஜினும் ஒன்றுதான், 23-ஆவது பெட்டியும் ஒன்றுதான். அதனால் ரயிலைப் பற்றி அன்றைக்குச் சொல்ல வேண்டியிருந்த ஒரே செய்தி அதில் இருந்தது. நேரில் நின்று பார்ப்பவர் யாரும் இல்லாததால் விபத்து நடந்து முடியும்வரை அது வெறும் பதிவாகவே கிடந்தது.

மனிதக் கண்ணைவிடக் கருவி மேல் என்ற பதில் உடனே வரும். அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் 1980-இலிருந்து பார்த்தால் ரயில் விபத்து விகிதம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. கேபூஸ் கூண்டில் நடுராத்திரி தூங்கிப்போனவர்களும், பனிமூட்டத்தில் பத்துப் பெட்டிக்கு அப்பால் எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களும் நிச்சயம் இருந்திருப்பார்கள். இன்னும் ஒன்று. விபத்து நடந்த அதே ஆண்டு, சேலத்துக்குப் பக்கத்தில் லீட்டோனியா என்ற இடத்தில் நார்ஃபோக் சதர்ன் பாதைக்குக் குறுக்கே ஒரு வாயில்போல ஒரு அமைப்பை நிறுவியது. வண்டி முழு வேகத்தில் அதற்குள் நுழைந்து போகும்போதே சுற்றிலும் உள்ள கேமராக்கள் ஒவ்வொரு பெட்டியையும் எல்லாப் பக்கத்திலிருந்தும் நூற்றுக்கணக்கில் படமெடுக்கின்றன, கணினி அவற்றில் பழுதைத் தேடுகிறது. ஆகவே பார்வை அழிந்துவிடவில்லை, மனிதரிடமிருந்து கேமராவுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லலாம். எனக்கு இது எதிர்வாதமாகத் தோன்றவில்லை. ரயிலில் படமெடுக்க வேண்டியது முழு வண்டியையும்தான், அதுவும் சக்கர மட்டத்தில்தான் என்பதைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் நிறுவனமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதை இன்னும் ஒப்புக்கொள்ளாதவர்கள் ரயிலை நேசிக்கும் படக்காரர்கள். தவிர, அந்த வாயிலில் எடுத்த படங்கள் நிறுவனத்தின் சொத்து. எந்தப் பழுது எப்போது தெரிந்தது, தெரிந்தும் வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்பதை வெளியார் அந்தப் படங்களிலிருந்து அறிய வழியில்லை. யார்டில் பெட்டிகளைச் சோதிக்க ஒதுக்கும் நேரம் சுருங்கிவிட்டது என்று தொழிற்சங்கங்கள் முறையிடுகின்றன, நிறுவனங்கள் மறுக்கின்றன. இரண்டில் எது உண்மை என்று பாதையோரத்தில் நிற்பவர் தீர்ப்பு சொல்ல முடியாதுதான். ஆனால் சேலத்துத் தொழிற்சாலையின் பதிவுக்கு மதிப்பு வந்ததே அது ரயில் நிறுவனத்தின் கைக்கு வெளியே இருந்ததால். ஓய்வுபெற்றவரின் கேமராவும் அதே இடத்தில்தான் இருக்கிறது, அதோடு அதன் பின்னால் வேலை தெரிந்த ஒருவர் இருக்கிறார்.

ஆல்டூனாவுக்கு மேற்கே உள்ள ஹார்ஸ்ஷூ கர்வ், அமெரிக்காவிலேயே அதிகமாகப் படமெடுக்கப்படும் ரயில் இடங்களில் ஒன்று. 1854 பிப்ரவரியில் திறந்தது. ஜே. எட்கர் தாம்ஸன் வகுத்த பாதையை ஐரிஷ் தொழிலாளர்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வெட்டினார்கள். நூறடிக்கு இரண்டடிக்குச் சற்றுக் குறைவான ஏற்றத்தில் மலை ஏறவேண்டியிருந்ததால் பாதை ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கமாக உள்ளே போய், தலைப்பில் வளைந்து, மறுபக்கமாக வெளியே வருகிறது. நடுவில் உள்ள பூங்காவில் நிற்பவரை நீண்ட வண்டி மூன்று பக்கமும் சூழ்ந்துகொள்ளும். என்ஜின்கள் ஏற்கெனவே ஒரு பக்கச் சரிவில் இரைந்துகொண்டிருக்க, மறுபக்கத்தில் பெட்டிகள் இன்னும் வந்துகொண்டே இருக்கும். வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தை உரசும் கிறீச்சொலி காதைப் பிளக்கும். இறங்கிவரும் வண்டி என்றால் பிரேக் கட்டைகளின் கருகல் வாடை காற்றில் தங்கியிருக்கும். இந்த இடத்தை அழகாக்கும் வளைவுதான் இதை வேலைக்கும் உகந்த இடமாக்கியது. ஓட்டுநர் ஜன்னல் வழியே திரும்பினால் தன் வண்டியையே பள்ளத்தாக்குக்கு எதிரில் பார்க்கலாம், கேபூஸில் இருந்தவர் நிமிர்ந்தால் என்ஜினைப் பார்க்கலாம். எங்காவது புகைகிறதா, ஏதாவது சாய்ந்திருக்கிறதா என்று இருமுனையும் ஒன்றையொன்று சோதித்துக்கொள்ளத் தோதான இடம். இன்றும் இந்த மலையில் கனமான வண்டிகளுக்குப் பின்னால் பேங்கர் என்ஜின்கள் மாட்டுவது உண்டு. அவற்றில் ஆட்கள் இருப்பார்கள். நாட்டின் பெரும்பகுதியில் காலியாகிவிட்ட அந்தக் கடைசி முனையில் இங்கே இன்னும் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் இந்த வளைவின் படங்களில் பெரும்பாலானவை தலைப்பகுதியில் என்ஜின் திரும்பும் கணத்தையே மறுபடி மறுபடி எடுக்கின்றன. இதே வளைவில் நின்று பேங்கர் என்ஜின் வந்து சேரும்வரை காத்திருப்பவருக்கு அந்த மலையின் பாரம் யாருடைய கையில் இருக்கிறது என்று தெரியும்.

புகைப்படம் சோதனை அறிக்கை இல்லையே, கலைக்கு இந்தப் பொறுப்பை ஏன் சுமத்த வேண்டும் என்று கேட்கலாம். ஓ. வின்ஸ்டன் லிங்க் ரயில்வேக்காரர் இல்லை, நியூயார்க்கில் விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்தவர். 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் பாதையில், நீராவியின் கடைசி ஆண்டுகளில், நூற்றுக்கணக்கான அடி கம்பி இழுத்து ஃபிளாஷ் பல்புகளை வரிசையாகப் பொருத்தி இரவில் அவர் எடுத்த படங்களுக்கு இணையாக எந்த ஓய்வுபெற்ற ஊழியரும் எடுத்ததில்லை. உள்ளே இருந்தவருக்கு அன்றாடத்தின் அழகு தெரியாமல்கூடப் போகலாம் என்பதும் நியாயமான சந்தேகம். நான் லிங்கை என் பக்கத்துச் சாட்சியாகவே கருதுகிறேன். அவர் படங்களில் ரயில் பெரும்பாலும் தனியாக இருப்பதில்லை. நீச்சல் குளம், திறந்தவெளித் திரையரங்கில் காருக்குள் சாய்ந்திருக்கும் ஜோடி, வரவேற்பறை ஜன்னல், விளக்கோடு கைகாட்டும் ஊழியர் என்று என்ஜினுக்கு வெளியே இருந்ததையெல்லாம் அவர் உள்ளே இழுத்தார். பீப் வகுத்த கோணத்தை அவர் உடைத்தது பக்கவாட்டில். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரரால் அதை நீளவாக்கில் உடைக்க முடியும், லிங்கால் முடியாத திசை அது. ஒரே இடத்தில் நின்று ஒரே வண்டியின் எல்லாப் பெட்டிகளையும் பக்கவாட்டில் எடுத்து வரிசையாக அடுக்கினால், எது ஏற்றி வருகிறது எது காலி, எந்தப் பெட்டி யாருடையது, டேங்கர்களை எங்கே கோத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் படிக்கக் கிடைக்கும். இணைப்பின் கொக்கி, தேய்ந்த சக்கர விளிம்பு, கடைசியில் மினுங்கும் அந்தச் சிறு பெட்டி எல்லாமே பார்க்கத் தகுந்தவை. அழகு குறையும் என்று அஞ்ச வேண்டியதில்லை. துருவின் நூறு நிறங்கள் சரக்குப் பெட்டியின் பக்கவாட்டில்தான் இருக்கின்றன.

பழமை ஏக்கம் என்ற குற்றச்சாட்டுக்கும் முகம் கொடுத்தாக வேண்டும். கேபூஸ் நாட்களை நான் பொற்காலமாக எண்ணவில்லை. நீண்ட வண்டியில் இணைப்புகளின் தளர்வு முழுதும் சேர்ந்து கடைசிப் பெட்டியை ஒரே வெட்டாக இழுக்கும்போது உள்ளே இருந்தவர்கள் சுவரில் மோதிக் கை கால் முறிந்திருக்கிறார்கள். அதற்கும் முந்தைய காலத்தில் பிரேக்மேன்கள் பனி படிந்த கூரைகள்மேல் ஓடி விழுந்து செத்திருக்கிறார்கள். அந்த வேலையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்பவர் அதைச் செய்யாதவராகத்தான் இருக்க வேண்டும். வேலையின் ஆபத்தோடு அதிலிருந்த பார்வையையும் சேர்த்துத் தூக்கி எறிந்ததுதான் நான் சொல்லும் இழப்பு. இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் ரயில்பாதை பெரும்பாலும் தனியார் நிலம். வேலையில் இருந்தபோது உரிமையோடு நடந்த அதே ஜல்லியில் ஓய்வுபெற்ற மறுநாள் கால் வைத்தால் அது அத்துமீறல். 1942-இல் ஜெர்மனி அனுப்பிய நாசகாரர்களின் பட்டியலில் ஹார்ஸ்ஷூ கர்வ் இருந்தது. 2001-க்குப் பிறகும் பாதையோரத்தில் கேமரா பிடித்து நின்றவர்களைப் போலீஸ் விசாரித்தது. பி.என்.எஸ்.எஃப் நிறுவனம் 2006-இல் ரயில் ஆர்வலர்களையே உதவிக்கு அழைத்து ஒரு திட்டம் தொடங்கியபோது அது முக்கியமாகக் கேட்டது சந்தேகத்துக்குரிய ஆட்களைக் கவனித்துச் சொல்லும்படி. சக்கரங்களைக் கவனிக்கத் தெரிந்தவர்களைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களை மனிதர்களைக் கண்காணிக்கச் சொன்னது அந்த அறிவை மதிக்காத செயல் என்றே எனக்குப் படுகிறது.

என் வாதத்திலேயே எனக்குத் தீராத ஐயம் ஒன்று இருக்கிறது. படம் எப்போதும் தாமதமாகத்தான் பேசுகிறது. வீட்டுக்குப் போய்ப் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒரு பேரிங் மூடி நிறம் மாறியிருப்பது தெரிந்தால் வண்டி அதற்குள் அடுத்த மாநிலத்தில் இருக்கும். கேமராவைக் கண்ணோடு ஒட்டி வைத்திருப்பவருக்குப் பக்கக் கண் போய்விடுகிறது. ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகிவிட்ட சக்கரம் தட்டும் ஓசையை ஷட்டர் ஒலி மறைக்கிறது. அப்படியானால் படமெடுப்பதே பார்ப்பதற்கு இடைஞ்சலா? ஓரளவு ஆம். ஆனால் கேமரா இல்லாவிட்டால் அவர் குளிரில் வந்து அந்த இடத்தில் நின்றிருக்க மாட்டார் என்பதும் உண்மை. என்ஜினுக்கு இரண்டு படம் போதும், அதன்பின் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு நிற்பதே சரியான முறை என்று நினைக்கிறேன். பழுது கண்ணில் பட்டால் உடனே சொல்ல வழியும் இருக்கிறது: அமெரிக்காவில் ஒவ்வொரு லெவல் கிராசிங்கிலும் ஒரு நீலப் பலகை உண்டு. அதில் நிறுவனத்தின் அவசரத் தொலைபேசி எண்ணும் அந்தக் கிராசிங்கின் அடையாள எண்ணும் இருக்கும். அந்தத் தொலைபேசியில் பேசுபவர் என்ஜின் எண்ணோடு நின்றுவிட்டால் எந்த வண்டி என்று தெரியும், எங்கே பார்ப்பது என்று தெரியாது. ஒன்றரை மைல் வண்டியோரம் கைவிளக்கோடு தனியாக நடக்கப்போகும் கண்டக்டருக்கு வேண்டியது வேறு: வண்டி எந்தத் திசையில் போகிறது, பழுது எந்தப் பக்கத்தில், முன்னாலிருந்து ஏறத்தாழ எத்தனையாவது பெட்டி, தெரிந்தது நெருப்பா புகையா.